யோங் பெங் வெயிலை அளக்க ஒரு பூஜ்யம்

மலேசியாவின் ஜொகூரில், யோங் பெங்கைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் செம்பனைதான். அங்கே ஒரு தோட்டத்தில் கம்பம் நட்டு, நாள் முழுக்க விழும் வெயிலைப் பதிவு செய்யும் சிறு கருவி ஒன்றைப் பொருத்துவதாக வைத்துக்கொள்வோம். அதன் கண், எலெக்ட்ரானிக்ஸ் கடையில் எளிதாகக் கிடைக்கும் பிபிடபிள்யூ34 போன்ற போட்டோடையோடு. ஒளி இரட்டித்தால் இது தரும் மின்னோட்டமும் இரட்டிக்கும். ஆனால் தன் இரு கால்களுக்கும் இடையே வோல்ட்டேஜ் ஏறாமல் இருந்தால்தான் அந்த நேர்மை. வெறும் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டி வோல்ட்டேஜைப் படிக்கப் போனால், அரை வோல்ட் நெருங்கும்போதே டையோடு தன் மின்னோட்டத்தைத் தானே விழுங்கத் தொடங்கிவிடும்.

இங்கேதான் டிரான்ஸ்இம்பிடன்ஸ் ஆம்ப்ளிஃபையர் வருகிறது. பெயர்தான் நீளம், ஆள் எளிமையானவர்: ஓர் ஆப்-ஆம்ப், அதன் வெளியீட்டிலிருந்து மைனஸ் காலுக்குத் திரும்பும் ஒரு ரெசிஸ்டர், அவ்வளவுதான். டையோடு கேட்கும் மின்னோட்டம் முழுவதையும் ஆப்-ஆம்ப் அந்த ரெசிஸ்டர் வழியாகவே கொடுத்து, டையோடின் இரு முனைகளையும் ஒரே வோல்ட்டேஜில் பிடித்து வைக்கிறது. வெளியீடு என்பது மின்னோட்டத்தை ரெசிஸ்டரால் பெருக்கியது. வெள்ளை மூடி போட்டு, உச்சி வெயிலில் 250 மைக்ரோ ஆம்பியர் வருமாறு குறைத்து, 10 கிலோ ஓம் வைத்தால் 2.5 வோல்ட் கிடைக்கும். அந்தியில் வெயில் ஆயிரத்தில் ஒரு பங்காகும்போது 250 நானோ ஆம்பியர், 2.5 மில்லிவோல்ட்.

இந்தச் சிறிய எண்ணில்தான் சிக்கல் எல்லாம். மலிவான எல்எம்358 தன் காலிலிருந்து சுமார் 45 நானோ ஆம்பியரைக் கசிய விடும்; அந்தி வெளிச்சத்தில் அது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. சிமாஸ் வகையான எல்எம்சி6482 விடுவது ஃபெம்டோ ஆம்பியர் கணக்கில்தான். இதில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். ரெசிஸ்டருக்கு இணையாக ஒரு கெப்பாசிட்டரும் கட்டாயம். டையோடுக்கே உள்ள 70 பிகோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் ஆப்-ஆம்பைத் தடுமாற வைத்து, சர்க்கிட்டைத் தானாகவே அலைவுறச் செய்துவிடும். இந்த அளவுகளுக்கு 30 பிகோஃபாரட்டே போதும், ஆனால் வெயில் மெல்ல மாறும் பொருள். 100 நானோஃபாரட் பிலிம் கெப்பாசிட்டர் போட்டால் 160 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள இரைச்சலும் அடங்கும்.

ஜொகூரில் போர்டின் முதல் எதிரி ஈரம் என்பேன். காலையில் காய்ந்து, மாலை நான்கு மணி மழையில் திடீரெனக் குளிரும் பெட்டி, நன்றாக அடைத்திருந்தாலும் கேபிள் துளை வழியே ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். சால்டர் ஃபிளக்ஸ் கழுவப்படாத போர்டில் அந்த ஈரம் படிந்தால், 5 வோல்ட் தடத்துக்கும் மைனஸ் காலுக்கும் நடுவே 50 மெகா ஓம் பாதை உருவாவது சாதாரணம். அதில் கசிவது 100 நானோ ஆம்பியர். அந்தி அளவில் 40 சதவீதம் காணாமல் போகும்!

மருந்து, டையோடின் இரு முனைகளுக்கும் இடையே ஆப்-ஆம்ப் காக்கும் பூஜ்ய வோல்ட்டிலேயே இருக்கிறது. மைனஸ் காலைச் சுற்றி, போர்டின் இரு பக்கமும் ஒரு செம்பு வளையம் வரைந்து, அதை ப்ளஸ் காலோடு இணைத்துவிட வேண்டும். உள்ளே இருப்பதும் வளையமும் ஒரே வோல்ட்டேஜ் என்பதால் இடையே கசிய எதுவும் இல்லை. வெளியிலிருந்து வருவதை வளையம் வாங்கிக்கொள்ளும். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, நன்றாக உலர்த்தி, அதன் பின்பே அக்ரிலிக் பூச்சு. அழுக்கின் மேல் பூசினால் அழுக்குக்குத்தான் பாதுகாப்பு.

அடுத்தது இடி. தீபகற்ப மலேசியாவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 200 நாள் இடி கேட்கும் இடங்கள் உண்டு. மின்னல் நேராக விழ வேண்டியதில்லை. பக்கத்தில் விழுந்தாலே நீண்ட கேபிளில் நூற்றுக்கணக்கான வோல்ட் எழும்பும். அதனால் ஆம்ப்ளிஃபையரைக் கம்பத்தின் உச்சியில், டையோடின் பக்கத்திலேயே வைத்து, கேபிளில் பெருக்கிய வோல்ட்டேஜை மட்டும் அனுப்ப வேண்டும். கேபிள் பக்கம் வாயுக் குழாய் அரெஸ்டர், தொடர் ரெசிஸ்டர், டிவிஎஸ் டையோடு மூன்றையும் தாராளமாகப் போடலாம். ஆனால் அந்த டிவிஎஸ்ஸை உள்ளீட்டில் போடக் கூடாது: 5 வோல்ட் வகைகளுக்கு ஆயிரக்கணக்கான பிகோஃபாரட் உண்டு, கசிவும் அதிகம். அங்கே பிஏவி199 போன்ற குறைகசிவு டையோடுகளை எதிரெதிராக மைனஸ் முனைக்கும் ப்ளஸ் முனைக்கும் நடுவே கட்டி, ஆப்-ஆம்பின் காலுக்கு முன்னால் 1 கிலோ ஓம் வைத்தால் போதும். வழக்கமான நாளில் அவற்றின் குறுக்கே வோல்ட்டேஜ் இல்லை, கசிவும் இல்லை. கண்ணாடி உடல் கொண்ட 1என்4148 வேண்டாம். வெளிச்சம் பட்டால் அதுவே இன்னொரு போட்டோடையோடாகிவிடும்.

ஒற்றைச் சப்ளையில் ஓடும் போர்டில் இன்னொரு பொறி இருக்கிறது. கசிவு வெளியீட்டைப் பூஜ்யத்துக்குக் கீழே தள்ளும். ஆனால் கீழே போக இடமில்லாததால் இரவு அளவு சுத்தமான பூஜ்யமாகவே தெரியும், பழுது மறைந்துவிடும். எனவே ப்ளஸ் கால், டையோடின் மறுமுனை, வளையம் மூன்றையும் தரைக்கு 100 மில்லிவோல்ட் மேலே தூக்கி வையுங்கள். மழை பெய்த இரவின் பதிவை வறண்ட இரவின் பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு மில்லிவோல்ட் குறைந்திருந்தாலும் பெட்டியைத் திறக்கும் நேரம் வந்துவிட்டது.