கடலோரத் தொடர் – 9: குடும்பத்தோடு பவளப்பாறைக்கு

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே, கரையை ஒட்டி வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் வளர்ந்திருக்கின்றன. 1986-இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட பகுதி இது. இந்த 21 தீவுகளில் இரண்டு ஏற்கெனவே கடலுக்குள் போய்விட்டன. திண்டுக்கல் நாகல் நகரிலிருந்து கிளம்பும் குடும்பத்துக்கு மிக அருகில் இருக்கும் பவளக் கடல் இதுதான். மதுரை வழியே சாலையில் இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்.

இங்குள்ள பவளத் திட்டுகள் பெரும்பாலும் சில மீட்டர் ஆழத்திலேயே இருக்கின்றன. அதனால் முதல் பயணத்துக்குக் காற்று உருளையும் ஆழமும் தேவை என்று எண்ணுவது தவறு. வனத்துறை அனுமதிக்கும் இடத்தில், முகக்கண்ணாடியும் மூச்சுக்குழலும் மிதவைச் சட்டையும் போதும். தீவுகளில் அனுமதியின்றிக் கால் வைக்கக் கூடாது.

பாறை போலத் தோன்றினாலும் பவளம் உயிர்களின் குடியிருப்பு. நுண்ணிய பவள உயிரிகள் சுண்ணாம்பைச் சுரந்து கூடு கட்டுகின்றன. அவற்றின் திசுவுக்குள் வாழும் பாசி, வெயிலைக் கொண்டு உணவு சமைத்துத் தருகிறது. நிறத்தையும் பெருமளவு அதுவே தருகிறது. நீர் அளவுக்கு மீறிச் சூடானால் பாசி வெளியேறிப் பவளம் வெளுத்துவிடும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் இது பெரிய அளவில் நடந்தது. வெளுத்த பவளம் உடனே சாவதில்லை. சூடு விரைவில் தணிந்தால் மீண்டும் நிறம் பெறும். ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக வெட்டி அள்ளப்பட்ட இந்தப் பவளங்கள் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. கரையில் ஒதுங்கிய துண்டைக்கூட வீட்டுக்கு எடுத்து வரக் கூடாது என்பதைக் குழந்தைகளுக்குப் படகு ஏறும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

நீருக்குள் அங்குமிங்கும் நீந்துகிறவர்களுக்கு மீன்கள் ஓடுவது மட்டும்தான் தெரியும். ஒரே பவளத்துக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு சில நிமிடம் மிதந்தால் போதும், ஒளிந்தவை எல்லாம் வெளியே வரும். கிளிமீன் அலகு போன்ற பற்களால் பாறையைச் சுரண்டும் சத்தம் காதில் விழும். அது தின்று கழிக்கும் சுண்ணாம்பே வெண்மணலாகிறது. கடல் சாமந்தியின் கொடுக்குகளுக்கு நடுவே கோமாளி மீன் பயமின்றி ஒதுங்கும். காலால் மிதித்தால் பல ஆண்டு வளர்ச்சி ஒரு நொடியில் ஒடியும்; எழும்பும் மணல் பவளத்தை மூடும்.

ஸ்கூபா கற்க விரும்பும் குடும்பங்கள் பெரும்பாலும் அந்தமானின் ஸ்வராஜ் தீவுக்குப் போகின்றன. பயிற்சி அமைப்புகள் பொதுவாகப் பத்து வயதுக்குக் குறைந்தவர்களைக் கடலில் உருளையுடன் இறக்குவதில்லை. கிணற்றில் குதித்து நீச்சல் பழகிய திண்டுக்கல் பிள்ளைக்கும் கடல் நீரோட்டம் புதியதே. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்காகிறது. அங்கே சுவாசித்த காற்று, மேலே வரும்போது இரு மடங்காக விரியும். எனவே மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வரவே கூடாது, நுரையீரல் கிழியும். காது வலிக்கத் தொடங்கும் முன்பே மூக்கைப் பிடித்து மெல்ல ஊத வேண்டும். சளி, ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. பெற்றோர் இருவரும் ஒரே நேரத்தில் முங்கினால், கரையில் நிற்கும் சின்னக் குழந்தைக்குப் பொறுப்பான ஒருவர் வேண்டும்.

நம் பக்கத்துக் குடும்பங்கள் மறந்துவிடும் ஒன்று, ஸ்கூபா முடிந்த கையோடு போகும் மலைப் பயணத்தின் ஆபத்து. ஆழத்தில் சுவாசித்த காற்றின் நைட்ரஜன் உடல் திசுக்களில் கரைந்து தங்குகிறது. அது மெல்ல வெளியேறும் முன் உயரத்துக்குப் போனால் குமிழியாகி மூட்டு வலியையும் பக்கவாதத்தையும்கூட உண்டாக்கும். விமானத்துக்குச் சொல்லப்படும் இந்த எச்சரிக்கை சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலுக்கும் பொருந்தும். ஒருமுறை மட்டும் முங்கியவர்கள் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை முங்கியவர்கள் 18 மணி நேரமும் சமவெளியிலேயே தங்க வேண்டும். மூச்சுக்குழலோடு நீர்ப்பரப்பில் மட்டும் நீந்தியவர்களுக்கு இந்தக் காத்திருப்பு தேவையில்லை.