உழைப்பின் பாட்டும் கடையின் பாட்டும்

ஓர் உரலில் இருவர் நெல் குத்தும்போது ஒருவருடைய உலக்கை எழும் வேளையில் மற்றவருடையது விழ வேண்டும். ஒழுங்கு தவறினால் உலக்கைகள் மோதும், கை நோகும். அந்த ஒழுங்கைக் காத்தது பாட்டு. தமிழில் அதற்கு வள்ளைப்பாட்டு என்று பெயர். தெலுங்கில் சுவ்வி என்பர். சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் வள்ளைப்பாட்டு இடம்பெறுகிறது. திருவாசகத்தில் பொற்சுண்ணம் இடிக்கும் மகளிர் பாடுவதாக இருபது பாடல்கள் உள்ளன. வேங்கடவன்மீது பாடிய தாளப்பாக்கம் அன்னமாச்சாரியார் (1408–1503) சுவ்விப் பாட்டின் வடிவத்தைத் தம் கீர்த்தனைகளிலும் கையாண்டார். வேங்கட மலையைச் சூழ்ந்த நம் சித்தூர், திருப்பதிப் பகுதியில் இரு மொழிகளும் கலந்து வாழ்வதைப் போலவே, இரு மொழிகளின் உழைப்புப் பாடல்களும் ஒரே உரலைச் சுற்றி வளர்ந்தவையே.

ஏற்றப்பாட்டு இன்னொரு பணியையும் செய்தது. எத்தனை சால் நீர் இறைத்தாயிற்று என்பதைப் பாட்டிலேயே எண்ணிக்கொண்டு போவார்கள். எழுதத் தெரியாதவருக்கும் அது கணக்கேடாக விளங்கியது. அரிசி ஆலையும் மோட்டார் பம்பும் வந்தபின் இப்பாடல்களுக்குத் தொழிலில் இடமில்லாமற் போயிற்று. அவற்றின் சாயலைத் திரைப்படம் எடுத்துக்கொண்டது. 1955இல் வெளிவந்த ‘ரோஜுலு மாராயி’ என்னும் தெலுங்குப் படத்தில் உழவைப் பற்றிக் கொசராஜு எழுதிய பாடல் பெரும்புகழ் பெற்றது. வஹீதா ரஹ்மான் ஆடிய அதே மெட்டு, அடுத்த ஆண்டே ‘காலம் மாறிப்போச்சு’ படத்தின் வழியாகத் தமிழுக்கும் வந்தது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. உரலருகே பாடியவர் தம் கையின் வேகத்துக்கேற்பப் பாட்டை நிறுத்தவும் விரைவுபடுத்தவும் முடிந்தது. ஒலிபெருக்கியில் வரும் பாட்டின் வேகத்தை வேறொருவர் முன்பே முடிவு செய்துவிட்டார்.

தொழிற்கூடத்தில் இசை ஒலிப்பதால் பயனுண்டா என்பதை மேலைநாடுகளில் முறையாகவே ஆராய்ந்துள்ளனர். பிரிட்டனில் பி.பி.சி. வானொலி 1940ஆம் ஆண்டு ஜூன் 23 அன்று தொழிலாளர்களுக்கென ஓர் இசை நிகழ்ச்சியைத் தொடங்கி, 1967 வரை நடத்தியது. நாள் முழுவதும் இசைக்காமல், சலிப்புத் தட்டும் வேளைகளில் அரைமணி நேரம் மட்டும் இசைத்தனர். கேட்பவர் கருவியைக் கீழே வைத்துக் கைதட்டத் தூண்டும் பாடல்களைத் தவிர்த்தனர். கை ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலைக்கே இசை துணைசெய்கிறது. எண்களைக் கூட்டுவோருக்கும் கடிதம் எழுதுவோருக்கும் சொற்கள் நிறைந்த பாட்டு இடையூறாகலாம். ஆகவே மாம்பழம் தரம்பிரிக்கும் இடத்துக்குப் பொருந்துவது கணக்கர் அறைக்குப் பொருந்தாது.

நகரி, புத்தூர் வட்டாரத்து விசைத்தறிக் கூடங்களில் வேறொரு சிக்கல் எழுகிறது. அங்கே தறியே தாளம் போடுகிறது. தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் ஓசையை வரம்பாக வைத்துள்ளன. ஓசை கூடக்கூட அனுமதிக்கப்படும் நேரம் குறையும். தறியின் ஓசையை மீறிப் பாட்டு கேட்க வேண்டுமாயின் அதனினும் உரக்க ஒலிக்க வேண்டும். செவித்திறன் ஒருமுறை குறைந்தால் மீண்டு வருவது அரிது. எனவே அங்கே பாட்டுப் பெட்டிக்குச் செலவிடும் பணத்தைச் செவிக்காப்புக் கருவிக்குச் செலவிடுவதே நன்று. இசையை இடைவேளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கடை, உணவகம், தங்கும் விடுதி நடத்தும் வாடிக்கையாளர்கள் சட்டத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். பதிவு செய்த பாடலை வணிக இடத்தில் ஒலிக்கச் செய்வது, 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, பொதுமக்களிடம் கொண்டுசெல்வதாகும். அதற்கு உரிமம் தேவை. பாடல் வரிக்கும் மெட்டுக்கும் ஓர் உரிமை. ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை. ‘நாம் ஒலிப்பது ஐந்நூறு ஆண்டுப் பழைய கீர்த்தனைதானே’ என்று திருப்பதியில் பலர் எண்ணக்கூடும். ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்குப்பின் வரிகள் பொதுவுடைமையாகிவிடும் என்பது மெய்யே. ஆனால் அன்னமாச்சாரியாரின் செப்பேடுகளில் இராகப் பெயர் உண்டு, சுரக்குறிப்பு இல்லை. இன்று நாம் கேட்கும் மெட்டுகள் பலவும் பிற்காலத்தவர் அமைத்தவை. ஒலிப்பதிவுக்கோ, அது வெளியான ஆண்டிலிருந்து அறுபது ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. ஆகவே பழைய பாட்டாயினும் புதிய ஒலிநாடாவுக்கு உரிமம் வேண்டியிருக்கும்.

கடன் விண்ணப்பத்துடன் வரும் திட்ட மதிப்பீடுகளில் ஒலிபெருக்கியின் விலை இருக்கும்; உரிமக் கட்டணம் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆண்டுதோறும் வரும் செலவாதலால் அதை நடைமுறை மூலதனக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். பணம் செலுத்துமுன், கட்டணம் கேட்பவர் எந்தப் பாடல்களுக்கு உரிமை பெற்றவர் என்பதை எழுத்து மூலம் கேட்டுப் பெறுதல் நலம்.

எந்தப் பாட்டு, எந்த நேரம், எவ்வளவு ஓசை என்பதை அங்கே உழைப்போரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். எட்டு மணி நேரமும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கப் போகிறவர்கள் அவர்களே.