'ஆள் வெச்சிருக்கோம்' என்றால் போதுமா? வீட்டுப் பராமரிப்பின் தரத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டால் தென்காசி வட்டாரமே குளுகுளுவென்று மாறிவிடும். ஊரெல்லாம் அருவிக்கு ஓடும் அந்த நாள்களில், படுக்கையில் கிடக்கும் முதியவர்கள் உள்ள வீடுகளுக்கு மட்டும் வேறொரு கவலை: துவைத்த துணி காயாது. அரை ஈரத்தோடு விரித்த போர்வையும், நேரத்துக்கு மாற்றாத டயபரும் முதுகுத் தோலை ஊறவைத்துவிடும். ஊறிய தோலில்தான் படுக்கைப் புண் சீக்கிரம் பிடிக்கும்.

இந்த வட்டாரத்தில் பல வீடுகளின் கதை ஒன்றுதான். கடையநல்லூர், தென்காசி பக்கத்துப் பிள்ளைகள் பலர் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். மற்றவர்கள் சென்னையிலோ பெங்களூரிலோ. ஊரில் இருப்பது அப்பாவும் அம்மாவும், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும். அந்த வசதி இல்லாத வீட்டில், பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டே மாமியாரையும் கவனிக்கும் மருமகள். தூரத்திலிருக்கும் பிள்ளை போனில் கேட்கும் முதல் கேள்வி, "ஆள் வந்துச்சா?" என்பது. "வந்துச்சு" என்ற பதிலோடு மனசு ஆறிவிடுகிறது. ஆனால், ஆள் வந்ததும் பராமரிப்பு நடந்ததும் ஒன்றல்ல.

இது சில குடும்பங்களின் பிரச்னை மட்டுமல்ல. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவிகிதம். மத்திய அரசின் மக்கள்தொகை மதிப்பீட்டின்படி 2031-ல் இது 18.2 சதவிகிதமாக உயரும். இந்த அளவில் கேரளாவுக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்குத்தான்.

ஆய்க்குடி காட்டும் வழி

பராமரிப்பை எப்படி அளப்பது என்பதற்கான பாடம் தென்காசிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ்.ராமகிருஷ்ணன், 1975-ல் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வின்போது கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தார். 1981-ல் சில குழந்தைகளோடு அவர் தொடங்கியதுதான் 'அமர் சேவா சங்கம்'. தசைச் சிதைவு நோயோடு வாழும் ஆடிட்டர் எஸ்.சங்கரராமன் பிறகு அவரோடு கைகோத்தார். 2020-ல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பிறர் கையால் பராமரிக்கப்படுவது எப்படியிருக்கும் என்று உடம்பால் உணர்ந்தவர்கள் வளர்த்த அமைப்பு இது.

இந்த அமைப்பின் களப்பணியாளர்கள் கிராமங்களில் வீடு வீடாகப் போய், வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளுக்குப் பயிற்சி தருகிறார்கள். 'வந்தேன், பார்த்தேன்' என்று கையெழுத்துப் போடுவதோடு வேலை முடிவதில்லை. தொடக்கத்தில் குழந்தையால் என்ன முடிந்தது, அடுத்த இலக்கு என்ன, இப்போது எதுவரை வந்திருக்கிறது என்பதெல்லாம் 'எனேப்ளிங் இன்க்ளூஷன்' என்ற செயலியில் பதிவாகிறது. பிசியோதெரபிஸ்ட் போன்ற நிபுணர்கள் அதைப் பார்த்து வழிகாட்டுகிறார்கள். குழந்தையைக் கவனிக்கும் தாயின் மனச்சுமையும் அளக்கப்படுகிறது.

குழந்தைகளுக்கான இந்த முறை, படுக்கையில் இருக்கும் பெரியவர்களுக்கும் பொருந்தும். மூன்றே கேள்விகள்: முன்பு எப்படி இருந்தார்? இப்போது எப்படி இருக்கிறார்? நம் ஆள் செய்வதை விவரம் தெரிந்த வேறொருவர் பார்க்கிறாரா?

சான்றிதழ் மட்டும் போதாது

இங்கிலாந்தில் வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்களை 'கேர் குவாலிட்டி கமிஷன்' என்ற அமைப்பு ஆய்வு செய்கிறது. பாதுகாப்பாக இருக்கிறதா, பலன் தருகிறதா, பரிவு இருக்கிறதா, அவரவர் தேவைக்கு ஏற்ப நடக்கிறதா, நிர்வாகம் சரியா என ஐந்து கேள்விகள். நான்கு படிகளில் தரம் அறிவிக்கப்படும். அதை நிறுவனங்கள் எல்லோருக்கும் தெரியும்படி வைக்க வேண்டும். அங்கேயே, பல இடங்களில் ஆய்வு நடந்து வருடக்கணக்காகிவிட்டது, தர மதிப்பீடுகள் பழையதாகிவிட்டன என்று 2024-ல் வெளியான ஒரு தனி விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது. எந்தச் சான்றிதழும் வீட்டார் கண்ணுக்கு ஈடாகாது.

செங்கோட்டை மலையைத் தாண்டினால் கேரளா. 2008-லேயே வலி நிவாரணம் மற்றும் ஆதரவு சிகிச்சைக்கென்று தனிக் கொள்கை வகுத்த மாநிலம். அங்கே உள்ளாட்சி அமைப்புகளின் செவிலியர்கள் வீட்டுக்கே வருகிறார்கள், அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களும் கூடவே வருகிறார்கள். வெளியாள் ஒருவர் அடிக்கடி வந்துபோகும் வீட்டில் தவறுகள் ரொம்ப நாள் ஒளிந்திருக்க முடியாது.

நம் ஊரிலும் அப்படியொரு கண் உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. படுக்கையில் இருப்பவர்களுக்கு ஆதரவு சிகிச்சைச் செவிலியரும் பிசியோதெரபிஸ்ட்டும் வீடு தேடி வருகிறார்கள். 2024-ல் ஐ.நா. விருது பெற்ற திட்டம் இது. சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கும் வீடுகளும் இதில் பதிவு செய்துகொள்ளலாம். வரும் செவிலியரிடம், "முதுகைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்துச் சொல்லுங்கம்மா" என்று கேட்டாலே பாதி ஆய்வு முடிந்துவிடும். பதிவு செய்ய, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்தால் போதும்.

வீட்டிலேயே பார்க்க வேண்டிய ஐந்து

1. தோல்: இடுப்புக்குக் கீழ் முதுகெலும்பு முடியும் இடம், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, குதிகால், பின்னந்தலை. இந்த இடங்களை தினமும் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் சிவப்பு மறையவில்லை என்றால், அது படுக்கைப் புண்ணின் ஆரம்பம். கறுப்புத் தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ, சூடாகவோ, கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது. தானாகப் புரள முடியாதவரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். காற்று மெத்தை வாங்கிப் போட்டாலும் இந்த வேலை மிச்சமாகாது.

2. தட்டு: எவ்வளவு பரிமாறினார்கள் என்பதைவிட, எவ்வளவு உள்ளே போனது என்பதுதான் கணக்கு. படுத்தபடி ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வரலாம். உட்காரவைத்துத்தான் ஊட்ட வேண்டும், சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரமாவது சாய்ந்த நிலையில் இருக்க வேண்டும். வளையல் தளர்வதும், சிறுநீர் அடர் மஞ்சளாகப் போவதும் சாப்பாடும் தண்ணீரும் போதவில்லை என்பதற்கான அடையாளங்கள்.

3. மருந்து: வாரம் ஒருமுறை மாத்திரை அட்டையை எண்ணுங்கள். மீதம் அதிகமானாலும் தவறு, குறைந்தாலும் தவறு. எப்போது போன் செய்தாலும் "தூங்குறாங்க" என்று பதில் வந்தால், டாக்டர் எழுதாத தூக்க மாத்திரை ஏதும் தரப்படுகிறதா என்று உடனே விசாரியுங்கள்.

4. அசைவு: போன மாதம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தவர் இந்த மாதம் உட்காரவில்லையா? நோய் முற்றியதா, உட்காரவைக்க ஆளில்லையா என்று டாக்டரிடம் காட்டித் தெரிந்துகொள்ள வேண்டும். எப்போதும் படுக்கவைத்திருப்பது பார்த்துக்கொள்பவருக்குச் சுலபம். படுத்திருப்பவருக்கோ அது மூட்டு இறுகவும் தசை கரையவும் வழி.

5. பேச்சு: பராமரிக்கப்படுபவரிடமே கேளுங்கள், தனியாகக் கேளுங்கள். வீடியோ காலில் ஆள் பக்கத்திலேயே நின்றால் உண்மை வெளியே வராது. குறிப்பிட்ட நபர் அறைக்குள் வந்ததும் பேச்சு நிற்பது, உடல் சுருங்குவது, காரணம் சொல்லப்படாத கன்றிய காயம் ஆகியவற்றை அலட்சியப்படுத்தக் கூடாது. பேச முடியாதவரின் முகமும் பேசும்.

ஆள் வைப்பதற்கு முன்

'ஹோம் நர்ஸ்' என்ற பெயரில் வரும் எல்லோரும் நர்ஸ் அல்ல. நர்ஸிங் படித்து, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்தவர் வேறு, உதவிக்கு வரும் அட்டெண்டர் வேறு. ஊசி போடுவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது போன்ற வேலைகளை அட்டெண்டரிடம் விடக் கூடாது. ஏஜென்சியிடம் இவற்றைக் கேட்டு, எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்:

* வேலை நேரம் எவ்வளவு? என்னென்ன வேலைகள்?
* அவர் லீவு போட்டால் மாற்று ஆள் யார்? மாதத்துக்கு ஓர் ஆள் என்று மாற்றிக்கொண்டே இருப்பார்களா?
* அடையாள அட்டை, காவல்துறை சரிபார்ப்பு உண்டா?
* மேற்பார்வைக்கு யார் வருவார்கள்? எத்தனை நாளுக்கு ஒருமுறை?

முதல் மூன்று நாள்கள் குடும்பத்தில் ஒருவர் கூடவே இருப்பது நல்லது. திருப்பிப் படுக்கவைப்பது, ஊட்டுவது, சுத்தம் செய்வது ஆகியவற்றைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். திருப்பிய நேரம், சாப்பிட்ட அளவு, மருந்து, மலம், சிறுநீர் எல்லாவற்றையும் அதில் எழுதச் சொல்லி, தினமும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லலாம். நம்பிக்கையான பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரை, சொல்லாமல் கொள்ளாமல் அவ்வப்போது எட்டிப்பார்க்கச் சொல்லுங்கள்.

பார்த்துக்கொள்பவரை யார் பார்ப்பது?

இரவு முழுக்க விழித்து, பகலிலும் வேலை செய்பவரால் நல்ல பராமரிப்பு தர முடியாது. சம்பள ஆளுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வும், இரவில் நிம்மதியான தூக்கமும், சரியான சாப்பாடும் வேண்டும். மருமகளோ மகளோ மனைவியோ தனி ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தால், மற்ற பிள்ளைகள் பணம் அனுப்புவதோடு நிறுத்திக்கொள்ளாமல் மாதத்தில் சில நாள்களாவது வந்து பொறுப்பை ஏற்க வேண்டும். களைப்பு எரிச்சலாகும். எரிச்சல் ஒருநாள் கையோங்க வைக்கும்.

முதியவர்கள் கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளாவது தெரிந்தால், 14567 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். பிள்ளைகளே கைவிட்டால், 2007-ம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். பராமரிப்புத் தொகை வழங்க உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு உண்டு.

ஆனால், இதெல்லாம் கடைசிக்கட்டம். முதல்கட்டம் ஒரு போன் காலில் தொடங்கலாம். இன்றிரவு ஊருக்குப் பேசும்போது "ஆள் வந்துச்சா?" என்பதோடு, "இன்னிக்கு எத்தனை தடவை திருப்பிப் படுக்க வெச்சாங்க? முதுகு எப்படியிருக்கு?" என்றும் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் தடுமாறினால், டிக்கெட் போட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.