விமானம் பறந்தால் மட்டும் போதுமா?

குன்னூரில் நடைபெறும் தேயிலை ஏலத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஏலத்திற்கு முன்பே தேயிலையின் மாதிரிகள் வாங்குவோர்க்கு அனுப்பப்படுகின்றன. அவர்கள் அதனைக் காய்ச்சி, நிறம் பார்த்து, சுவைத்த பின்னரே விலை கூறுவர். அத்தூள் கடல் கடந்து சென்றாலோ, பூச்சி மருந்தின் எச்சம் அதில் உள்ளதா என்று அந்நாட்டு ஆய்வுக்கூடங்கள் மறுபடியும் சோதிக்கும்.

பயணிகள் விமானத்தை அயல்நாட்டில் விற்பதும் இத்தகையதே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தேநீரை ஒரு மிடறு அருந்தினால் அதன் தரம் தெரிந்துவிடும். விமானத்தின் பாதுகாப்பை அவ்வாறு எளிதில் அறிய முடியாது. ஏன் தெரியுமா?

நூறு கோடி மணி நேரம்

பெரிய பயணிகள் விமானத்தில் பேரழிவை உண்டாக்கக்கூடிய ஒரு பழுது, நூறு கோடி பறக்கும் மணிக்கு ஒரு முறைக்கு மேல் நேரக்கூடாது என்பது விமானத் துறையின் அளவுகோல். ஓர் ஆண்டுக்கு 8,760 மணி. ஒரு விமானம் இரவும் பகலும் தரையிறங்காமல் பறந்தாலும், நூறு கோடி மணி முடிய ஏறக்குறைய 1,14,000 ஆண்டுகள் ஆகும்!

எனவே பறக்கவிட்டுப் பார்த்து மட்டும் இதனை மெய்ப்பிக்க இயலாது. ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். ஒன்று பழுதானால் மற்றொன்று அதன் வேலையை ஏற்குமா என்று கணக்கிட வேண்டும். அனைத்தையும் ஆவணமாக எழுதி வைக்க வேண்டும். இவற்றை அரசின் விமானத் துறை ஆராய்ந்து 'வகைச் சான்றிதழ்' அளிக்கிறது. வாங்கும் நாடும் தன் வல்லுநர்களைக் கொண்டு அவற்றைப் பரிசீலிக்கும்.

மலை வைக்கும் தேர்வு

சோதனைகளுள் ஒன்றை நம் மலையிலேயே கற்பனை செய்து பார்ப்போம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. இவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி, கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 80 விழுக்காடுதான். இறக்கை தரும் ஏற்றுவிசை காற்றின் அடர்த்தியையும், வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. அடர்த்தி குறைந்தால் வேகம் கூடவேண்டும் அன்றோ? கணக்கிட்டால் சுமார் 12 விழுக்காடு கூடுதல் வேகம் தேவை என வரும். அதனாலேயே ஓடுபாதையின் நீளம் கால் பங்கு கூடும். மெல்லிய காற்றில் இயந்திரத்தின் உந்துவிசையும் குறைவதால் இன்னும் அதிக நீளம் வேண்டும்.

ஊட்டியில் விமான நிலையம் இல்லை. ஆனால் லடாக்கிலுள்ள லே நிலையம் 3,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கே ஓர் இயந்திரம் நின்றுபோனாலும் மற்றொன்றைக் கொண்டு விமானம் மேலேற வேண்டும். அதையும் முன்கூட்டியே நிரூபித்தாக வேண்டும்.

சீனாவின் அனுபவம்

சீனாவின் ஏஆர்ஜே21 என்னும் சிறிய ஜெட் விமானம் 2008-இல் முதன்முதலாகப் பறந்தது. இறக்கையில் பனி உறையும் சோதனைக்கு ஏற்ற வானிலை உள்நாட்டில் எளிதில் கிட்டாததால், 2014-இல் அது கனடா வரை சென்றது. அவ்வாண்டின் இறுதியில்தான் சான்றிதழ் கிடைத்தது. இன்று சி909 எனப்படும் அவ்விமானம் 2023-இல் இந்தோனேசியாவில் சேவையைத் தொடங்கியது.

அதனினும் பெரிய சி919, 2022-இல் சீன அரசின் சான்றிதழைப் பெற்று, 2023 மே மாதம் ஷாங்காயிலிருந்து பீஜிங்கிற்குப் பயணிகளை ஏற்றிச் சென்றது. ஆயினும் ஐரோப்பியச் சான்றிதழுக்கு இன்னும் 3 முதல் 6 ஆண்டுகள் ஆகலாம் என்று 2025-இல் அங்குள்ள விமானப் பாதுகாப்பு அமைப்பின் தலைவர் கூறினார். அதன் இயந்திரங்கள் அமெரிக்க-பிரெஞ்சுக் கூட்டு நிறுவனம் செய்பவை. அதே 2025-இல் அமெரிக்கா சிறிது காலம் ஏற்றுமதி அனுமதியை நிறுத்தி வைத்தபோது, பிறர் இயந்திரத்தை நம்பியிருப்பதன் இடர் வெளிப்பட்டது.

நம் நாட்டு விமானங்கள்

நமக்கும் இப்பாதை புதிதன்று. கான்பூரில் தயாரான முதல் ஆவ்ரோ விமானம் 1961-இல் பறந்தது. பின்னர் ஜெர்மானிய உரிமத்துடன் டார்னியர் 228 என்னும் 19 இருக்கை விமானத்தை ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் அங்கே தயாரித்தது. அது மொரீஷியஸ், சீஷெல்ஸ் நாடுகளுக்குச் சென்றது; 2024-இல் தென் அமெரிக்காவிலுள்ள கயானாவுக்கும் இரண்டு சென்றன. உள்நாட்டில் தயாரான டார்னியர், 2022 ஏப்ரல் 12 அன்று அசாமின் திப்ருகரிலிருந்து அருணாசலத்தின் பாசிகாட்டுக்குப் பயணிகள் சேவையைத் தொடங்கியது. ரஷ்யாவின் எஸ்ஜே-100 ஜெட் விமானத்தை இந்தியாவில் தயாரிக்க 2025 அக்டோபரில் புரிந்துணர்வு ஒப்பந்தமும் கையெழுத்தாயிற்று.

விற்றபின் தொடங்கும் வேலை

சான்றிதழ் பெற்று விற்றுவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. நேபாள நாட்டு விமான நிறுவனம் 2014 முதல் ஆறு சீன விமானங்களைப் பெற்றது. விமானிகள் பற்றாக்குறை, உதிரிப் பாகத் தட்டுப்பாடு, நட்டம் ஆகியவற்றால் 2020-இல் அவற்றை நிறுத்திவிட்டது. நமக்கும் இத்தகைய பாடம் உண்டு. எக்வடார் நாடு வாங்கிய ஏழு துருவ் ஹெலிகாப்டர்களில் நான்கு விபத்துக்குள்ளாயின. காரணங்கள் குறித்து இரு தரப்பும் மாறுபட்டன. உதிரிப் பாகங்கள் உரிய காலத்தில் வரவில்லை என்றும் குறைகூறிய எக்வடார், 2015-இல் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. மலைநாட்டில் நிற்கும் விமானத்துக்கு ஒரு சிறு வால்வு வேண்டுமென்றால், அது சில நாட்களில் வந்து சேரவேண்டும். அதற்கான கிடங்கும் பழுது பார்ப்போரும் இல்லாவிடில், நல்ல விமானமும் தரையிலேயே கிடக்கும்.

மாணவர்களே, செய்முறை வகுப்பில் விடை சரியாக வரவில்லை என்றால், ஓர் அளவீட்டை அழித்துவிட்டுப் பொருத்தமான எண்ணை எழுதிவிடலாமே என்று சிலருக்குத் தோன்றும். விமானத்தின் சான்றிதழ் என்பது அத்தகைய செய்முறை ஏடுகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்த தொகுப்பே ஆகும். அதில் ஓர் எண் பொய்யானால் அதன் விலை மனித உயிர். நாளை நம் நாட்டு விமானத்தை உலகம் நம்பி வாங்கவேண்டுமானால், அந்த நம்பிக்கைக்கான பயிற்சி இன்று உங்கள் செய்முறை ஏட்டிலேயே தொடங்குகிறது.