உட்கார்ந்து எழ ஒரு நாற்காலி

முதியோர் உடற்பயிற்சி என்றதும் பூங்காவில் ஷூ போட்டு நடக்கும் ஓய்வுபெற்ற அதிகாரிகள்தான் நினைவுக்கு வருகிறார்கள். கடலூர் மாவட்டக் காலனி ஒன்றில் அதை நடத்தப் போனபோது ஓர் ஆயா எங்களைக் கேட்டார்: "நாத்து நட்டு, களை எடுத்து, கரும்பு வெட்டுன ஒடம்பு. இதுக்கு மேல இன்னாப்பா எக்சர்சைசு?"

நியாயமான கேள்விதான். ஆனால் உழைப்பு வேறு, பயிற்சி வேறு. நடவு வயலில் நாள் முழுக்கக் குனிந்த முதுகுக்கு நிமிர நேரம் கிடைப்பதில்லை. ஒரே மூட்டு திரும்பத் திரும்பத் தேய்கிறது. எப்போது நிறுத்தலாம் என்பதை மேஸ்திரி முடிவு செய்கிறார். பயிற்சியில் அதை முடிவு செய்வது அவரவர் மூச்சு.

வயதாகி வேலைக்குக் கூப்பிடுவது நின்று, வீட்டோடு உட்கார்ந்துவிட்டால் தொடைச் சதை வேகமாகக் கரைகிறது. அப்புறம் விழுவதுதான். விளக்கில்லாத சந்தில், விடியுமுன் ஒதுங்கப் போகிற வழியில் விழுகிறார்கள். இடுப்பெலும்பு முறிந்தால் ஆள் படுக்கையில், குடும்பம் கடனில். 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் உடலை அசைக்க வேண்டும். அதில் மூன்று நாளாவது கால் வலுவுக்கும் தடுமாறாமல் நிற்பதற்குமான பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது இதற்காகத்தான்.

அந்தப் பயிற்சிகளில் முதன்மையானது மிக எளியது. நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல் எழ வேண்டும். 30 விநாடியில் எத்தனை முறை எழ முடிகிறது என்று எண்ணுவார்கள். 70 வயதைத் தாண்டிய பெண் பத்து முறைக்குக் குறைவாக எழுந்தால், கீழே விழும் ஆபத்து அதிகம் என்பது கணக்கு.

முதல் நாள் பந்தல் கடையிலிருந்து நாற்காலிகளை வாங்கி வரிசையாகப் போட்டோம். வந்தவர்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்கள். "நீங்க நிக்கறப்ப நாங்க எப்பிடி மேல குந்தறது?" என்றார்கள். இதே மாவட்டத்தின் தெற்குத்திட்டை ஊராட்சியில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் தலைவரே கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்ட படம் 2020-ல் நாடு முழுக்கப் பார்க்கப்பட்டது. பயிற்சிக் கையேடு நாற்காலியின் உயரம் 17 அங்குலம் என்கிறது. நம் ஊர்களில் அதற்கு வேறு உயரம். கடைசியில் பேரப்பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்து எண்ணச் சொன்னோம். பிள்ளைகள் உரக்க எண்ண, ஆயாக்கள் நாற்காலிக்கு வந்தார்கள். சிரிப்பும் வந்தது.

நடைப்பயிற்சி இன்னும் சிக்கல். மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை என்று அரசு 2023-ல் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தைத் தொடங்கியது. நல்ல திட்டம். ஆனால் எங்கள் காலனிக்கு இருக்கும் ஒரே தார்ச்சாலை ஊர்த்தெரு வழியாகப் போகிறது. அங்கே வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடிக்கிற தாத்தாக்கள் இன்றும் உண்டு. அதனால் காலனிக்குள்ளேயே போய்த் திரும்புகிறோம். இதில் எங்களுக்கு உடன்பாடில்லை. ஆனாலும் எழுபது வயதுக்காரரைத் தினம் காலையில் அந்தச் சண்டைக்கு முன்னால் நிறுத்துவது முறையல்ல. அது எங்கள் வயதுக்காரர்கள் போட வேண்டிய சண்டை.

தொடங்க நினைக்கும் மற்ற காலனிகளுக்கு ஒன்றிரண்டு சொல்லலாம். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும். சுவரை ஒட்டிப் போடுங்கள். சர்க்கரை மாத்திரை போடுபவர்களை வெறும் வயிற்றில் அசையவிடாதீர்கள். கூழோ கஞ்சியோ குடித்த பிறகு வரட்டும். 2021 ஆகஸ்டு முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். இயன்முறை சிகிச்சையும் அதில் உண்டு; கேட்டு வாங்க வேண்டும். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். நூறு நாள் வேலை நடக்கும்போது காலையில் கூட்டம் சேராது, மாலைக்கு மாற்றுங்கள்.

ஆண்கள் முதலில் வரவில்லை. தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். எண்ணிக்கைக்குப் பதில் பறை ஒலிக்கத் தொடங்கியதும் வந்தார்கள். சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று முடிவெடுத்த இளைஞர்கள்தான் இதற்கு அடிக்கிறார்கள். குதிகாலைத் தூக்கி நிற்பது, ஒரு காலுக்கு முன் மறு காலை வைத்து நடப்பது எல்லாம் அந்தத் தாளத்தில் எளிதாக வருகிறது.

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் வேப்பமரத்தடி ஆகாது. காலனியின் சமுதாயக் கூடம் பூட்டிக் கிடக்கிறது. சாவி கேட்டு ஒரு மனுவும், சந்துக்கு விளக்கு கேட்டு ஒரு மனுவும் கொடுத்திருக்கிறோம். விளக்கு மனுவில் முதல் கைரேகை, "இன்னாப்பா எக்சர்சைசு" என்று கேட்ட ஆயாவுடையது. இரண்டுக்கும் இன்னும் பதில் வரவில்லை.