மிதிவண்டிக்கும் பாடம் தேவை

தமிழக அரசு பிளஸ் 1 மாணவர்களுக்கு விலையில்லா மிதிவண்டி வழங்குகிறது. ஆனால், பிள்ளைகள் அதற்கு வெகு முன்பே மிதிவண்டியுடன் சாலைக்கு வந்துவிடுகின்றனர். பொருளைக் கொடுப்பது பாதி முதலீடு. அதைக் கையாளும் திறனே மறுபாதி என்று பொருளியல் வகுப்புகளில் நான் கூறுவதுண்டு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டப் பெண்களுக்கு எழுத்துடன் மிதிவண்டியும் கற்பித்த அறிவொளி இயக்கம் இதை உணர்ந்திருந்தது.

தொடக்கப் பள்ளிகளில் இதற்கு ஒரு சனிக்கிழமைக் காலை போதும். முதலில் காற்று, பிரேக், சங்கிலி, மணி ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். பின்னர், மைதானத்தில் சுண்ணாம்புக் கோடிட்டு, நேராக ஓட்டுதல், குறித்த இடத்தில் நிறுத்துதல், வலப்புறம் திரும்புமுன் பின்னால் பார்த்துக் கைகாட்டுதல் ஆகியவற்றைப் பழக்கலாம். தடுமாறாமல் பின்னால் பார்ப்பதுதான் கடினம். அதைச் சாலையில் கற்க நேர்ந்தால், தவறின் விலை உயிராகலாம். மைதானத்தில் அது முழங்கால் சிராய்ப்போடு போய்விடும்.