ஐந்து வயதும் ஐயாயிரம் படியும்

இலங்கையின் சிவனொளிபாதமலை அடிவாரமான நல்லதண்ணியில் பேருந்தை விட்டு இறங்கும் கூட்டத்தில், பிள்ளையை முதல் தடவையாக மலைக்குக் கூட்டிவரும் தாய் தகப்பனை எளிதில் அடையாளம் காணலாம். மூட்டை முடிச்சை இறக்கிவைப்பதற்கு முன்பே, “இவ்வளவு படியையும் பிள்ளை ஏறிடுமா?” என்று கேட்டுவிடுவார்கள். அங்கே கடை வைத்திருப்பவர்களிடம் கேட்டால், பிள்ளையை ஒரு பார்வையும் தகப்பனின் வயிற்றை ஒரு பார்வையும் பார்த்துவிட்டுச் சொல்வார்கள்: “பிள்ளை ஏறிடும்.”

இந்தக் கணிப்புக்கு ஆய்வகத்திலும் சான்று உண்டு. 8 முதல் 12 வயது வரையுள்ள சிறுவர்கள், பயிற்சியில்லாத பெரியவர்கள், தேசிய அளவில் போட்டியிடும் நெடுந்தூர விளையாட்டு வீரர்கள் ஆகிய மூன்று தரப்பையும் சைக்கிள் மிதிக்கவிட்டு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2018-இல் ‘ஃப்ரான்டியர்ஸ் இன் ஃபிசியாலஜி’ இதழில் வெளிவந்தது. செபஸ்தியான் ரத்தேல், ஆன்டனி பிளேசவிச் குழுவினர் செய்த ஆய்வு அது. சிறுவர்கள் களைப்பைத் தாங்கியதில் வீரர்களுக்குச் சளைக்கவில்லை. மிதித்து முடித்தபின் உடல் பழைய நிலைக்குத் திரும்பியதில் சில அளவுகளில் வீரர்களையும் முந்தினார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இந்த முடிவை அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனால் இரவில் ஏறும் முதல் மலைப்பயணத்தில் பெற்றோர் கவலைப்பட வேண்டியது பிள்ளையின் கால்களைப் பற்றி அல்ல. தூக்கம், குளிர், இறக்கம் இந்த மூன்றைப் பற்றி.

முதல் மலையாக இது ஏன்?

சிவனொளிபாதமலையின் உயரம் 2,243 மீட்டர். உயரத்தால் வரும் தலைவலியும் குமட்டலும் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தொடங்கும் என்பதால் அந்தப் பயம் இங்கே அநேகமாக இல்லை. உச்சியிலுள்ள பாதச்சுவட்டைச் சைவர்கள் சிவனுடையது என்கிறார்கள். பௌத்தர்கள் புத்தருடையது என்றும், முஸ்லிம்கள் ஆதம் நபியுடையது என்றும் நம்புகிறார்கள். அதனால் எல்லா மொழியிலும் எல்லா வயதிலும் ஆட்கள் ஏறுகிறார்கள். கைக்குழந்தையோடு ஏறுகிறவர்களும் உண்டு, பேரப்பிள்ளையின் கையைப் பிடித்து ஏறும் பாட்டிமாரும் உண்டு.

1344-இல் இங்கே ஏறிய மொரோக்கோப் பயணி இப்னு பதூதா, பாறையில் மாட்டியிருந்த சங்கிலிகளைப் பிடித்து ஏறிய கதையை எழுதிவைத்திருக்கிறார். இன்று நல்லதண்ணியில் தொடங்கும் அட்டன் பக்கத்துப் பாதையில் அடிவாரம் முதல் உச்சி வரை படிகள். கடைசிச் செங்குத்தில் கைப்பிடிக் கம்பிகள். பருவ காலத்தில் வழிநெடுக மின்விளக்கு, தேத்தண்ணிக் கடை, களைத்தவர்கள் சாய்ந்துகொள்ள அம்பலங்கள். பிள்ளைக்கு முடியவில்லை என்றால் எந்த இடத்திலும் உட்காரலாம், சுடச்சுட ஏதாவது குடிக்கலாம், திரும்பிவிடலாம். ஆளரவமற்ற காட்டில் கூடாரம் அடித்துத் தங்கும் பயணத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான்.

இரத்தினபுரிப் பக்கமிருந்து பலாபத்தலை வழியாக வரும் பழைய பாதை இதைவிட நெடியது. முதல் பயணத்துக்கு அது வேண்டாம்.

கணக்குப் போட்டு ஏறுவது

நல்லதண்ணியிலிருந்து உச்சிக்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள்; ஏறக்குறைய 1,000 மீட்டர் ஏற்றம். தூரத்தை மட்டும் ஐந்து கிலோமீட்டர் முதல் ஏழு வரை ஆளுக்கொரு கணக்காகச் சொல்வார்கள். மலையேறுகிறவர்கள் இன்றும் பயன்படுத்தும் வாய்ப்பாடு ஒன்றை 1892-இல் ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் நெய்ஸ்மித் வகுத்தார்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். அதன்படி திடமான பெரியவர் நிற்காமல் ஏறினால் ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் உச்சியைத் தொடலாம். பிள்ளையோடு போகிறவர்கள் அதை இரட்டிப்பாக்கிக்கொள்வது நல்லது. படிகள் ஒரே அளவில் இல்லை. பெரியவருக்கு முழங்காலளவு வரும் படி, ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தொடையளவு வரும்.

பிள்ளைகள் கணக்கு வைத்து நடப்பதில்லை. வேடிக்கை பார்த்து நடப்பார்கள். இந்தப் பாதையில் வேடிக்கைக்குக் குறைவில்லை. சீத கங்குல ஓடையில் முகம் கழுவலாம். ஜப்பானியத் துறவிகள் எழுப்பிய வெள்ளைத் தூபியை அண்ணாந்து பார்க்கலாம். புத்தர் கிழிந்த சீவரத்தைத் தைத்துக்கொண்ட இடம் என்று சொல்லப்படும் இந்திகடுபானவில் யாத்திரிகர்கள் ஊசியும் நூலும் காணிக்கை வைப்பார்கள். நூலைப் பிரித்து வழிநெடுக இழுத்துக்கொண்டு போவார்கள். ஒரு நூற்கண்டைக் கையில் கொடுத்துவிட்டால், அதுவரை சிணுங்கிய பிள்ளை அடுத்த நூறு படியை மறந்துபோய் ஏறிவிடும். உச்சியில் மணி இருக்கிறது. எத்தனை தடவை மலை ஏறினார்களோ அத்தனை தடவை அடிப்பது வழக்கம். பத்து இருபது என்று அடிக்கும் பெரியவர்களுக்கு நடுவே, தன் பங்குக்கு ஒரே ஓர் அடி அடிக்கலாம் என்பதும் பிள்ளைக்கு நல்ல தூண்டில்.

தூக்கத்தைத் திருடாமல்

சூரிய உதயத்துக்கு உச்சியில் இருக்க வேண்டும் என்ற ஆசையில்தான் பெரும்பாலான குடும்பங்கள் தடுமாறுகின்றன. மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி. கொழும்பிலிருந்து நாள் முழுக்கப் பயணம் செய்து வந்து இறங்கிய கையோடு இரவு பத்து மணிக்கு ஏறத் தொடங்கினால், விடியும்போது அந்தக் கணக்கில் பாதிகூடத் தேறாது. முந்தின நாள் மதியமே நல்லதண்ணிக்கு வந்து, ஆறரை மணிக்குச் சோறு கொடுத்துப் படுக்கவைத்து, நள்ளிரவுக்கு மேல் எழுப்பினால் பாதித் தூக்கமாவது கையில் இருக்கும். மீதியை மறுநாள் மதியம் தூங்கித் தீர்க்கட்டும்.

சீக்கிரம் கிளம்பினால் நல்லது என்பதும் இங்கே பொருந்தாது. மூன்றரைக்கே உச்சியை அடைந்த குடும்பம் ஆறரை மணிச் சூரியனுக்காகக் காற்றில் நடுங்கியபடி காத்திருக்கும். தை மாத விடியலில் அங்கே வெப்பநிலை 10 பாகைக்கும் கீழே இறங்குவதுண்டு. உச்சியில் இடமும் குறைவு. சந்நிதிக்குப் போகக் காலணியைக் கழற்றவும் வேண்டும். கடைசித் தேத்தண்ணிக் கடையிலேயே பிள்ளையைப் போர்த்தி உட்காரவைத்து, கிழக்கு வெளுக்கும் நேரத்துக்கு மேலே போவதுதான் உத்தி. போயா எனும் பௌர்ணமி நாளிலும் வார இறுதியிலும் கடைசிப் படிகளில் மணிக்கணக்கில் வரிசை நகராமல் நிற்கும். பிள்ளையோடு போக வார நாளே தோது.

சுமக்கும்போதுதான் குளிரும்

சிறு பிள்ளையின் எடையோடு ஒப்பிட்டால் அதன் உடற்பரப்பு அதிகம். அதனால் சூடு வேகமாக வெளியேறும். நடக்கும்வரை தசைகள் சூட்டை உண்டாக்கிக்கொண்டிருக்கும். தூக்கிக்கொண்டதும் அது நின்றுவிடும். சுமக்கும் தகப்பன் வியர்த்து வழிவார், முதுகில் தூங்கும் பிள்ளை விறைத்துக்கொண்டிருக்கும். தன் உடம்பை வைத்துப் பிள்ளையின் குளிரைக் கணித்தால் தவறிவிடும். ஏறும்போது ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, தூக்கும்போதும் நிற்கும்போதும் உடனே மாட்ட வேண்டும். வியர்வையில் நனைந்த பனியனை மாற்ற இன்னொன்று, குல்லா, மாற்றுக் காலுறை, மழைக்கோட்டு ஆகியவை பையின் மேல்தட்டில் இருக்கட்டும். விடாத நடுக்கம், குழறும் பேச்சு, கால் இடறுவது, வாயாடிப் பிள்ளை திடீரென்று மௌனமாவது, இவற்றில் எது தெரிந்தாலும் அருகிலுள்ள கடைக்குள் நுழைந்து உடை மாற்றிச் சூடேற்ற வேண்டும். பிறகு மேலே அல்ல, கீழே போக வேண்டும். நார்வேக்காரர்களின் ஒன்பது மலைப் பயண விதிகளில் எட்டாவது, நேரத்தோடு திரும்புவதில் வெட்கம் இல்லை என்பதே.

இறக்கத்துக்கு மிச்சம் வைத்தல்

சூரியன் எழுந்த சில நிமிடங்களில், மறுபக்க மூடுபனியின் மேல் மலையின் நிழல் முக்கோணமாக விழும். அதைப் பார்த்தபின் பெற்றோர் பயணம் முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். பாதிதான் முடிந்திருக்கிறது. இறங்கும்போது தொடைத் தசைகள் நீண்டபடியே எடையைத் தாங்குகின்றன. மறுநாள் பெரியவர்களால் உட்கார்ந்து எழ முடியாமல் போவது இதனால்தான். பிள்ளைகளோ வெளிச்சம் கண்ட உற்சாகத்தில் படிகளில் ஓடப் பார்ப்பார்கள், அல்லது தூங்கி விழுவார்கள். ஐந்து வயதுப் பிள்ளையின் சராசரி எடை 18 கிலோ. நடுங்கும் தொடைகளோடு அதைத் தூக்கி இறங்குவது ஒருவரால் ஆகிற காரியமல்ல. ஒரு பிள்ளைக்கு இரண்டு பெரியவர்கள் என்பது குறைந்தபட்சக் கணக்கு.

கொண்டுபோன பிஸ்கட் உறையைத் திரும்பக் கொண்டுவரும் பழக்கத்தையும் இங்கேயே தொடங்கலாம். மலையைச் சூழ்ந்த காடு, மத்திய மலைநாட்டின் பகுதியாக 2010-இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.

மார்கழியில் வரும் உந்துவப் போயா முதல் வைகாசியின் வெசாக் போயா வரைதான் யாத்திரைக் காலம். வெசாக் கழிந்ததும் மலையின் காவல் தெய்வமான சமனின் திருவுருவம் கீழே இறங்கி, பெல்மதுளை கல்பொத்தாவெல விகாரைக்குப் போய்விடும். கடைகள் மூடும், விளக்குகள் அணையும், மழையும் அட்டையும் படிகளைப் பிடித்துக்கொள்ளும். அந்த மாதங்களிலும் வெளிநாட்டுப் பயணிகள் டார்ச் வெளிச்சத்தில் ஏறுகிறார்கள். பிள்ளையோடு போகிற குடும்பங்களோ டிசம்பருக்குள் அடிவாரத்து வீதிகளில் நடந்து பழகி, பருவம் தொடங்கிய பிறகு ஒரு வார நாளில் கிளம்பலாம்.